ரிம்முக்கு முதல் மரியாதை

புதுவையில் கார்ப் பித்துக்கொண்ட இளைஞர்களிடையே சில வருஷங்களாக ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கு வருஷத்தில் இரண்டொரு முறை சொந்தக் காரிலேயே சென்று, எவரோடும் போட்டியிடாமல் ஆசை தீரச் சில சுற்றுகள் ஓட்டிவிட்டு, அன்று மாலையே அதே காரில் வீடு திரும்ப விரும்புகிறவர்கள், அதற்கு முன்னேற்பாடாகச் செய்கிற முதற்காரியம், கம்பெனி கொடுத்த 15 அங்குல ரிம்களைக் கழற்றி விற்றுவிட்டு, அவற்றின் இடத்தில் 17 அங்குல மலிவு அலாய் ரிம்களை மாட்டிக்கொள்வதே. கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதி இப்படி ரிம்முக்குப் போய்விட, மிச்சத்துக்கு எந்த டயர் கிடைக்கிறதோ அது ஏறுகிறது. கேட்டால், "எப்பவாவது ஒரு நாள் ஓட்டுறதுக்கு இது போதாதா?" என்கிறார்கள். போதாது என்பதும், அரிதாக ஓட்டுகிறவனுக்கே இந்த ஏற்பாடு அதிக ஆபத்தானது என்பதும் என் நெடுநாளைய அபிப்பிராயம்.

இதில் நன்மையே இல்லையென்று சாதிக்க நான் வரவில்லை. குட்டையான பக்கச்சுவருள்ள டயர், ஸ்டியரிங்கைத் திருப்பிய மாத்திரத்தில் துவளாமல் நின்று காரைத் திருப்பத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. பெரிய பிரேக் பொருத்துகிறவனுக்குப் பெரிய ரிம் அவசியந்தான். நம்முடைய கடற்காற்றில் ஸ்டீல் ரிம் துருவேறுவதும் உண்மை. நல்ல பிடிப்புள்ள டயர்கள் பெரும்பாலும் 16, 17 அங்குல அளவுகளிலேயே கடைக்கு வருகின்றன என்கிற முறையீடும் நியாயமானதே. 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது அந்தச் சங்கடத்தைக் குறைத்துவிடவில்லை.

ஆனால் கணக்கைப் பார்ப்போம். நம் ஊரில் அதிகம் காணப்படுகிற ஸ்விஃப்ட் காரின் உயர்ரகங்களுக்குக் கம்பெனி தருவது 185/65 ஆர்15 டயர். அதன் மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக இவர்கள் ஏற்றுகிற 205/45 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 616. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதனாலேதான் வேகமானியும் பொய் சொல்லுவதில்லை, மாற்றமும் நிரபாயமானதென்று தோன்றுகிறது. பக்கச்சுவரோ 120 மில்லிமீட்டரிலிருந்து 92க்கு இறங்கிவிட்டது; ரப்பரும் காற்றும் இருந்த 28 மில்லிமீட்டர் உயரத்தில் பெரும்பகுதியை இப்போது உலோகம் எடுத்துக்கொண்டது. கம்பெனியின் 15 அங்குல அலாய் ஏழெட்டுக் கிலோ இருக்குமானால், மலிவு வார்ப்பில் வந்த 17 அங்குல ரிம் பத்துக் கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அந்த அதிகப்படிப் பாரம் அச்சிலிருந்து விலகிச் சுழல்கிறபடியால், 1.2 லிட்டர் எஞ்சின் ஒவ்வொரு திருப்பத்திலிருந்து வெளிவரும்போதும் அதைச் சுழற்றவும், பிரேக் ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் அதை அடக்கவும், ஷாக் அப்ஸார்பர் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் அதைத் தரையோடு வைத்திருக்கவும் போராடுகின்றன. வேகத்துக்காகச் செய்த செலவு வேகத்தைத் தின்கிறது.

தரையை ஸ்பரிசிப்பது ரிம் அன்று. மிஷ்லேன் சகோதரர்கள் 1895ஆம் வருஷத்துப் பாரிஸ்-போர்தோ-பாரிஸ் பந்தயத்தில் காற்றடைத்த டயர்களோடு காரோட்டி, வழியெல்லாம் பஞ்சர் ஒட்டிக்கொண்டு போனதிலிருந்து, அவர்களுடைய நிறுவனம் 1946இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கோரியது வரையில், காரின் பிடிப்பைப் பற்றி மனிதன் கற்றதெல்லாம் பெரும்பாலும் ரப்பரைப் பற்றிக் கற்றதே. 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்ததும், இன்று ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை நடப்பதுமான இப்பிரதேசத்தில் டயரைக் கடைசியில் நினைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நீண்ட நாள் உழைப்பதற்காகக் கெட்டியான ரப்பரில் செய்த மலிவு டயர், நகரத்தில் குற்றமற்றதாயினும், 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் மூன்றாவது சுற்றுக்குள் உஷ்ணம் தலைக்கேறி வழுக்கத் தொடங்குகிறது. காலையில் 32 பி.எஸ்.ஐ. வைத்த காற்று, பிட்டுக்குத் திரும்பும்போது 38ஐத் தொட்டிருக்கும். முன்டயரின் வெளித்தோளில் ரப்பர் சுருண்டு சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். மொட்டை டயரோடு எவனும் அங்கே போகமாட்டான். ஆனால் பட்டன் ஆழமாக இருந்தும் ரப்பர் கிழடுதட்டிய டயரோடு போகிறவர்கள் அநேகர். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு டயர் செய்த வாரத்தையும் கடையிரண்டு வருஷத்தையும் குறிக்கின்றன என்பதைக்கூடப் பார்க்காமல் செகண்ட்ஸ் டயர் வாங்குகிறார்கள்.

இவையெல்லாம் வேகத்தைப் பற்றிய குறைகள், பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாத குறை வேறு. தளத்துக்கு வருஷத்தில் இரண்டொரு நாள் போகிற கார், மற்ற நாட்களெல்லாம் எங்கே ஓடுகிறது? நூறடிச் சாலையிலும், வில்லியனூர்ச் சாலையிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரையிலும், மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய பள்ளங்களிலும் அறிவிப்பில்லாத வேகத்தடைகளிலும் ஓடுகிறது. 120 மில்லிமீட்டர் பக்கச்சுவர் தாங்கிக்கொண்டிருந்த அடியை 92 மில்லிமீட்டர் பக்கச்சுவர் தாங்காமல் ரிம்முக்கே அனுப்பிவிடுகிறது. ஸ்டீல் ரிம்மானால் வளையும். ஸ்டியரிங் நடுக்கத்தால் அதைத் தெரிந்துகொள்வோம். மலிவு வார்ப்பு ரிம்மோ விரிசல் விடுகிறது. அதுவும் உட்புறத்து உருளையில், பிரேக் தூசு படிந்து கறுத்த இடத்தில், வெளியே நின்று அழகு பார்க்கிறவனுடைய கண்ணுக்கு ஒருபோதும் தெரியாதபடி விடுகிறது.

ரிம் சரிசெய்கிற கடையொன்றில் இதை நேரில் கண்டேன். கன்னங்கரேலென்று பளபளக்கிற ரிம் ஒன்றைக் காற்றடைத்த டயரோடு சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தியதும், உள்விளிம்பிலிருந்து விரற்கடை நீளத்துக்கு ஒரு மயிர்க்கோடு நெடுகிலும் நுரை முத்துமுத்தாகக் கோத்து எழுந்தது. கடைக்காரர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "தம்பி, பெண்ட் எடுத்து வெல்டு வச்சுத் தர்றேன். டவுனுக்குள்ள ஓட்டுறதுன்னா ஒண்ணும் ஆகாது." பையன், "ஞாயித்துக்கிழமை டிராக்குக்குப் போறேண்ணே, அதுக்குள்ள குடுத்துடுங்க" என்றான். கடைக்காரர் பதில் சொல்லாமல் கேஸைத் திறந்தார்.

அந்தச் சுடர் என்ன செய்கிறதென்பதை அவன் அறிந்திருப்பானா? அலாய் ரிம் என்பது பெரும்பாலும் அலுமினியத்தில் சுமார் 7 சதவீதம் சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கலந்து வார்த்த உலோகம். வார்த்ததை ஏறக்குறைய 540 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து, நீரில் சட்டென்று ஆற்றி, பிறகு 150 டிகிரிக்குச் சற்று மேலான இளஞ்சூட்டில் பதப்படுத்துவதனாலேயே அதற்குப் பலம் உண்டாகிறது. ஓரிடத்தில் மாத்திரம் கேஸ் சுடரைக் காட்டிச் சுத்தியலால் நிமிர்த்துகிறபோது, ஆலையில் ஏறிய அந்தப் பதம் அவ்விடத்தில் அழிந்துபோகிறது. வடிவம் திரும்புகிறது, பலம் திரும்புவதில்லை. அதன்மேல் பெயிண்ட் அடித்து, பேலன்சிங் செய்து, நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் நேர்ப்பாதையின் கோடியில் பிரேக் மிதித்து, காரின் பாரமெல்லாம் ஒரு முன்சக்கரத்தின்மேல் சாயத் திரும்புகிறான். அரிதாக ஓட்டுவதனால் ரிம் தப்பிக்கும் என்று எப்படிச் சொல்வது? நாள்தோறும் பந்தயம் ஓட்டுகிறவனுடைய சக்கரங்கள் தளத்தைத் தவிர வேறொன்றையும் அறியா; அவற்றை அவன் அடிக்கடி கழற்றிப் பார்க்கவும் செய்கிறான். எப்போதோ ஓட்டுகிறவனுடைய ரிம்தான் வருஷம் முழுவதும் அடிபட்டு, எவராலும் பரிசோதிக்கப்படாமல், அந்த ஒரு நாள் சோதனைக்கு வந்து நிற்கிறது.

இதில் வருத்தந்தரும் விஷயம், இவர்களுக்கு வேண்டிய மலிவான நல்ல ரிம் இவர்கள் வீட்டிலேயே இருந்தது என்பதே. கழற்றியவுடன் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்களே, கம்பெனி ரிம், அது அந்தக் காரின் பாரத்துக்கென்றே கணக்கிட்டுச் சோதித்துச் செய்தது, நடுத்துவாரம் ஹப்பில் வளையம் வேண்டாமலே கச்சிதமாக உட்காருகிறது, ஆஃப்செட் பிசகுவதில்லை. ஒருவன் மாற்றுகிறபோது கழித்த நான்கை இன்னொருவன் வாங்கி, 195/60 ஆர்15 அளவில் தனக்கு எட்டுகிற மிகச்சிறந்த புதிய டயரை அவற்றில் ஏற்றி, தளத்துக்கென்றே தனியாக வைத்துக்கொண்டானாகில், விட்டம் சுமார் 615 மில்லிமீட்டராக வேகமானிக்கும் ஒத்துப்போகிறது, பள்ளங்களும் அந்த ரிம்களை அணுகுவதில்லை. பின்சீட்டை மடித்தால் நான்கும் காருக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே போய் ஜாக்கி வைத்து மாற்றிக்கொண்டு, முதல் ஓட்டம் முடிந்து ஆறியபின் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்த்தால் ஆயிற்று. அதற்கும் மேலே வெளியில் விற்கிற அலாய்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறவன், ரிம்மின் எடை என்ன, தாங்கும் பாரம் என்ன என்ற இரண்டையும் கடையில் கேட்கட்டும். அவற்றைச் சொல்லாமல் நிறத்தையும் டிசைனையும் மாத்திரம் காட்டுகிற கடையின் படியை விட்டு இறங்கிவிடட்டும்.