விஸ்கித் தீவின் மண்டகப்படி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஐலா தீவில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். விஸ்கி வடிசாலைகள் மட்டும் பத்து. ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் அங்கே ‘ஃபேஷ் ஈலா’ என்ற விழா நடக்கிறது. ஐலாத் திருவிழா என்பதைத்தான் கேலிக் மொழியில் அப்படிச் சொல்கிறார்கள். தீவு கொள்ளாத கூட்டம் வருகிறது. படகில் இடம் கிடைப்பதில்லை, தங்க அறை கிடைப்பதில்லை. விஸ்கி உலகத்தில் இதைப் பற்றி அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு: உள்ளூர்ப் பண்பாட்டு விழாவைப் பன்னாட்டு மது நிறுவனங்கள் வளைத்துப் போட்டுவிட்டன, சிறிய வடிசாலைக்காரர்கள் ஓரங்கட்டப்படுகிறார்கள் என்பது. இதில் முன்பாதி ஏறக்குறைய சரி. பின்பாதி பிழை என்பதே என் கணிப்பு. பெருநிறுவனம் கூட்டிவரும் கூட்டத்தால் சிறு வடிசாலைக்கு இழப்பைவிட வரவே அதிகம். இழந்தவர் வேறொருவர், அவருடைய பெயரில்தான் விழாவே நடக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள 1980களுக்குப் போக வேண்டும். உலகச் சந்தையில் விஸ்கி தேங்கிப்போன காலம் அது. ஐலாவில் ஆர்ட்பெக் வடிசாலை 1981இல் நின்றது. போர்ட் எலன் 1983இல் மூடப்பட்டது. வேலை போக ஆள் போனது. ஆள் போக மொழியும் தேய்ந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில்தான் உள்ளூர்க்காரர்கள் சிலர் கூடி, கேலிக் மொழியையும் பாட்டையும் ஆட்டத்தையும் மீட்டெடுக்க இந்த விழாவைத் தொடங்கினார்கள். பக்கத்துத் தீவுக்கூட்டத்தில், பாரா என்னும் தீவில், 1981இல் தொடங்கிய கேலிக் விழா இயக்கத்தின் அலை இது. அப்போது வடிசாலைகளுக்கு இதில் தனி இடம் ஏதும் இல்லை. 2000ஆம் ஆண்டுவாக்கில்தான் அவை முறையாக உள்ளே வந்து, ஆளுக்கொரு நாள் கதவைத் திறந்துவைக்கும் வழக்கம் பிறந்தது. அதற்குள் உரிமையாளர்கள் மாறத் தொடங்கியிருந்தார்கள். இன்று லகவூலின், கல் ஈலா, 2024இல் மறுபடி திறக்கப்பட்ட போர்ட் எலன் ஆகிய மூன்றும் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டியாஜியோவின் கையில். பொமோரும் லஃப்ராய்க்கும் ஜப்பானின் சன்டோரியிடம். ஆர்ட்பெக் பாரிஸின் எல்விஎம்ஹெச் குழுமத்திடம். புருக்லாடி பிரான்ஸின் ரெமி குவான்ட்ரோவிடம். புன்னஹாவன் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. குடும்பங்களிடம் இருப்பவை கில்ஹோமனும் ஆர்ட்னஹோவும் மட்டுமே.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் கில்ஹோமன் நசுங்கிப்போகும் என்றே தோன்றும். கல் ஈலா ஆண்டுக்கு 60 லட்சம் லிட்டருக்கு மேல் சாராயம் வடிக்கும் திறன் கொண்டது; கில்ஹோமனின் திறன் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் விழாவின் அமைப்பு இந்த வேற்றுமையைப் பார்ப்பதில்லை. கல் ஈலாவுக்கும் ஒரு நாள், கில்ஹோமனுக்கும் ஒரு நாள். நம் கோயில் திருவிழாக்களில் மண்டகப்படி இப்படித்தான்: பெருவணிகரின் மண்டகப்படிக்கும் ஒரு நாள், வண்டிக்காரர் சங்கத்தின் மண்டகப்படிக்கும் ஒரு நாள், சாமி இரண்டு இடத்திலும் இறங்கும். லகவூலினுக்காகக் கடல் கடந்து வந்தவர், வந்த செலவுக்கு மற்ற நாட்களிலும் எங்காவது போகத்தான் செய்வார். போகும் இடங்களில் ஒன்று கில்ஹோமன். உலகெங்கும் விளம்பரம் செய்ய முடியாத ஒரு பண்ணை வடிசாலைக்கு இதைவிட மலிவான விளம்பரம் இல்லை. விஸ்கித் தொழிலில் இதன் மதிப்பு இன்னும் கூடுதல். மூன்று ஆண்டாவது ஓக் பீப்பாயில் கிடக்காத எதையும் ஸ்காட்ச் விஸ்கி என்று விற்கச் சட்டம் இடந்தராது. 2005இல் வடிக்கத் தொடங்கிய கில்ஹோமன் முதல் விஸ்கியை விற்றது 2009இல். 2018இல் தொடங்கிய ஆர்ட்னஹோ 2024 வரை காத்திருந்தது. முதல் போட்டவன் வருமானமின்றி உட்கார்ந்திருக்கும் அந்த ஆண்டுகளில், ஆட்களை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தும் விழா பெரிய துணை. 1881க்குப் பிறகு 124 ஆண்டுகள் ஐலாவில் நிலைத்து நின்ற புது வடிசாலை ஒன்றுகூட எழவில்லை. கில்ஹோமன் எழுந்ததும், அடுத்து ஆர்ட்னஹோ எழுந்ததும், இந்த விழா தீவின் பெயரை உலகுக்குக் கொண்டுபோன பிறகு என்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. விழாவே முழுக் காரணம் என்று சொல்லவும் மாட்டேன்.

நாள் முறையின் இன்னொரு நல்ல பக்கம், விழாவின் பெயர் எவர் பெயரோடும் ஒட்டாமல் இருப்பது. இதே தீவின் செப்டம்பர் ஜாஸ் விழாவுக்குப் பல ஆண்டுகள் லகவூலின் பெயரே முன்னொட்டாக இருந்தது. புரவலர் ஒருவரே என்றால் பெயரும் அவருடையது, கழற்றிக்கொண்டு போகும் உரிமையும் அவருடையது. ஃபேஷ் ஈலாவைத் தன்னார்வலர் குழு நடத்துகிறது, வடிசாலைகள் பல. ஒரு நிறுவனம் ஒதுங்கினாலும் மற்ற நாட்கள் நிற்கும்.

அப்படியானால் முறையீட்டின் முன்பாதி ஏன் சரி? அதற்குக் காரணம் நாளில் இல்லை, புட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு வடிசாலையும் தன் நாளுக்கென்று தனிப் புட்டி ஒன்றை வெளியிடுகிறது. சில நூறிலிருந்து சில ஆயிரம் வரைதான் இருக்கும். விடியும் முன்பே வரிசை நிற்கிறது. பாதிப்பேர் குடிக்க வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்; மீதிப்பேர் வாங்கும் புட்டிகள் சில நாட்களில் இணைய ஏலங்களில் கூடுதல் விலைக்குத் தலைகாட்டுகின்றன. பகலெல்லாம் வரிசையில் நின்றவன் மாலையில் கேய்லிக்குப் போவதில்லை, புட்டியைப் பொதிந்து கட்டப் போகிறான். கேய்லி என்பது பிடிலும் அக்கார்டியனும் ஆட்டமும் கூடிய ஊர்க்கூடல். விழா தொடங்கியதே அதற்காகத்தான். ஆர்ட்பெக் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2012 முதல் தன் நாளை ‘ஆர்ட்பெக் தினம்’ ஆக்கி உலகெங்கும் கொண்டாட வைத்தது; அந்த நாளுக்கான புட்டியை வாங்கத் தீவுக்கு வர வேண்டியதே இல்லை. வணிகமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். ஒரு தீவின் திருநாளைக் கழற்றி எடுத்து உலகச் சந்தைக்கான தேதியாக்கினால் தீவுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. மண்டகப்படி ஒப்புமை இங்கேதான் உடைகிறது. மண்டகப்படிக்காரர் தம் நாளில் செலவழிப்பார். ஐலாவில் தம் நாளில் விற்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும், நியாயமான மறுப்புதான்: கில்ஹோமனும் விழாப் புட்டி விற்கிறதே? ஆம், விற்கிறது. ஆகவே இந்தக் குறையைப் பெருநிறுவனத்தின் குறையாக மட்டும் எழுதிவிட முடியாது. ‘சிறிது’ என்பது நிலையான பிறவிக்குணமும் இல்லை. 1990களின் நடுவிலிருந்து மூடிக்கிடந்த புருக்லாடியை 2000 டிசம்பரில் மார்க் ரெய்னியர் என்பவரும் கூட்டாளிகளும் ஏறத்தாழ 65 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். பெருநிறுவனங்களை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தே பெயர் வாங்கினார்கள். 2012இல் அதே வடிசாலை 5 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு ரெமி குவான்ட்ரோவிடம் போய்ச் சேர்ந்தது. கலகக்காரர் விலைபோனார் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் கைமாறிய பின்னும் புருக்லாடி தீவின் உழவர்களிடம் பார்லி வாங்குகிறது, தீவிலேயே பீப்பாய்களை முதிர வைக்கிறது, தீவிலேயே புட்டியில் அடைக்கிறது. கல் ஈலாவில் வடிவதில் பெரும்பகுதியோ டேங்கர் லாரியில் ஏறி நிலப்பரப்புக்குப் போய், அங்கே முதிர்ந்து, கலவை விஸ்கிகளுக்குள் கரைகிறது. இரண்டுக்கும் உரிமையாளர் பன்னாட்டு நிறுவனம்தான். ஆகவே பெரிதா சிறிதா என்று பார்ப்பதைவிட, வேலையில் எவ்வளவு தீவில் நடக்கிறது என்று பார்ப்பதே பொருத்தமான அளவுகோல். ஒரு பகுதி பார்லியைத் தன் வயலிலேயே விளைவித்து, தரையில் பரப்பி முளைகட்டி, வடித்து, முதிர்த்து, அடைத்து முடிக்கும் கில்ஹோமன் இந்த அளவுகோலில் முதலில் நிற்கும். புருக்லாடி அதற்கு அடுத்து.

சிறு வடிசாலை பிழைத்துக்கொண்டது, பெரியது செழித்தது. மூன்றாமவர்தான் கேலிக். ஐலாவில் 2001 கணக்கெடுப்பில் கேலிக் பேசியவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். 2011இல் ஐந்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. விழாப் புட்டிகள் பெயர் வாங்கிய பத்தாண்டும் அதுதான். கல் ஈலா என்றால் ஐலா நீரிணை. லகவூலின் என்றால் ஆலைப் பள்ளம். லஃப்ராய்க்கும் புருக்லாடியும் கேலிக் சொற்களே. லகவூலினிலும் லஃப்ராய்க்கிலும் ஆர்ட்பெக்கிலும் கடலைப் பார்த்த வெள்ளைச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருப்பது இந்த மொழியைத்தான். வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உச்சரிக்க வராத பெயரே ஒரு கவர்ச்சியாகி விலையைத் தூக்குகிறது. மொழியின் ஒலி விற்கிறது. மொழி பேசுகிறவருக்கு அதில் பங்கு எழுதப்படவில்லை. விழா நிரலில் கேலிக் வகுப்பும் பாட்டும் இன்னும் இருக்கின்றன, மறுக்கவில்லை. 2002இல் தீவில் திறக்கப்பட்ட கேலிக் கல்வி நிலையமும் இருக்கிறது. ஆனால் கூட்டம் எதற்காக வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மொழி தேய்வதற்கு ஒரு விழாவைக் குற்றஞ்சாட்டலாமா என்பது அடுத்த மறுப்பு. கூடாது. பள்ளியும் வேலையும் இடப்பெயர்வும் நூற்றாண்டுக் கணக்காகச் செய்த வேலையைப் பத்து நாள் விழா செய்யவும் முடியாது, தடுக்கவும் முடியாது. நான் கேட்பது அதைவிடச் சிறியது: மொழிக்காகத் தொடங்கிய விழா மொழிக்கு என்ன தருகிறது? இன்னொரு மறுப்பு, வடிசாலைகள் இல்லாவிட்டால் தீவே காலியாகியிருக்கும், மொழி எங்கே நிற்கும் என்பது. இது வலுவான வாதம். ஆர்ட்பெக்கை 1997இல் கிளென்மொராஞ்சி என்ற விஸ்கி நிறுவனம் வாங்கியிராவிட்டால் இடிபாடாகியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெரிய முதல் இல்லாமல் அந்தக் கூரைகள் நின்றிருக்காது. ஆனால் வேலை கொடுத்ததற்கான ஈடு விஸ்கி விற்பனையிலேயே கிடைத்துவிடுகிறது. விழா தருவது அதற்கு மேல் கிடைக்கும் தனி ஆதாயம். ஊர் தன் பெயரையும் மொழியையும் பாதையையும் படகையும் பத்து நாள் விட்டுக்கொடுத்து உண்டாக்கித் தரும் ஆதாயம் அது. அதில் ஒரு பங்கு கேட்பதை யாசகம் என்று சொல்ல முடியாது.

எப்படிக் கேட்பது என்பதற்கு முன்மாதிரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதைக் காட்டியது பெருநிறுவனமே. 1816இல் தொடங்கிய லகவூலின் தன் 200ஆம் ஆண்டில், 1991இல் வடித்த ஒற்றைப் பீப்பாயிலிருந்து 522 புட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றும் 1,494 பவுண்டு என்று விற்று, 5 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டுக்கு மேல் தீவின் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தது. ஏலத்துக்குப் போகும் அதே ஆசை, அதே அபூர்வப் புட்டி. பணம் மட்டும் திசை மாறியது. இதை நல்லெண்ணச் செயலாக விட்டுவிடாமல் விழாவின் நிபந்தனையாகவே ஆக்கலாம். விழாவின் பெயரை லேபிளில் போடும் புட்டி எதுவானாலும், விலையில் ஒரு குறிப்பிட்ட பங்கு விழாக் குழுவின் கேலிக் நிதிக்கு. டியாஜியோவுக்கும் கில்ஹோமனுக்கும் ஒரே விகிதம். பெயர் வேண்டாம் என்கிறவர் பெயரில்லாமல் விற்றுக்கொள்ளட்டும். தன்னார்வலர் குழு பன்னாட்டு நிறுவனத்திடம் இதைப் பேசிச் சாதிக்குமா என்று ஐயப்படலாம்; நாள் ஒதுக்கும் அதிகாரம் இன்னும் குழுவின் கையில்தான் இருக்கிறது, அது சின்ன அதிகாரமில்லை. இதைச் செய்யாதவரை, நாள் முறைக்காக இந்த விழாவைப் பாராட்டுவேன். புட்டி முறையைப் பாராட்ட மாட்டேன். லகவூலினின் கொடை இருநூற்றாண்டு நிறைவை ஒட்டி ஒருமுறை நடந்தது. அடுத்த நூற்றாண்டு நிறைவு 2116இல் வருகிறது.