இருக்கைகளின் இலக்கணம்

ஓர் அரங்கிற்குள் நுழைந்ததும் நம் பார்வை மேடையை நாடுகிறது. நாம் அமரும் இருக்கையை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் இருக்கைகள் அமைந்துள்ள முறை இரு வினாக்களுக்கு விடை கூறிவிடுகிறது. வந்தவர் எதைப் பார்க்க வேண்டும்? தம் அருகில் இருப்பவரை அவர் யாராகக் கருத வேண்டும்? இவ்விரு வினாக்களோடு ஐரோப்பிய அரங்குகள் சிலவற்றை அணுகிப் பார்ப்போம்.

கிரேக்க நாட்டின் எப்பிதாவுருஸ் அரங்கு கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மலைச்சரிவில் 55 கல் வரிசைகள் விசிறிபோல் விரிந்திருக்கின்றன; மேலே கூரை இல்லை. பகல் வெளிச்சத்தில் நடிகரைக் கண்ட கண்களுக்கு, எதிர்ப்புறம் அமர்ந்திருந்தோரின் முகங்களும் தெரிந்தன. ஊரே தன்னைத்தான் கண்டுகொண்ட இடம் அது எனலாம். எனினும் முழுச் சமத்துவம் அன்றும் இல்லை. ஏதென்ஸ் நகரின் தியோனிசு அரங்கில், முன்வரிசைப் பளிங்கு ஆசனங்களில் பூசகர்களின் பதவிப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. விழாக்களில் முன்வரிசைக்கு அழைத்துச் செல்லப்படும் குருக்களாகிய நமக்கு இச்செய்தி சற்றே கூச்சம் தருகிறது.

பல நூற்றாண்டுகள் கடந்து இத்தாலிக்கு வந்தால் வேறொரு காட்சி. மிலான் நகரில் 1778இல் திறக்கப்பட்ட லா ஸ்காலா இசைநாடக அரங்கில், குதிரை லாட வடிவில் மாடங்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. அந்நாளில் அவை செல்வக் குடும்பங்களின் உடைமை. அங்கே அவர்கள் உண்டனர், உரையாடினர், விருந்தினரை வரவேற்றனர். பக்கத்து மாடத்தில் அமர்ந்தவருக்கு மேடையைவிட எதிர் மாடமே நேராகத் தெரியும். முகங்கள் தெரிந்தன என்பது மெய்யே. ஆனால் அவை அணிகலனையும் குலப்பெருமையையும் அளந்து பார்க்கவே தெரிந்தன. விந்தை என்னவெனில், மலிவான உச்சிமாடியில் இருந்தோரே பாடகர்கள் அஞ்சும் திறனாய்வாளர்களாக விளங்கினர். நல்ல இருக்கை நல்ல செவியைத் தந்துவிடுவதில்லை!

இப்பகட்டின்மேல் சினங்கொண்டவர் ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்ட் வாக்னர். பைராய்ட் நகரில் 1876இல் அவர் திறந்த அரங்கில் பக்க மாடங்களே இல்லை. மன்னருக்கும் பிரபுக்களுக்கும் உரிய மாடங்கள் பின்சுவருக்குத் தள்ளப்பட்டன. வரிசைகள் நடுவே வழிவிடாமல் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர்வரை நீண்டன. அனைத்தும் மேடையை நோக்கின. இசைக்குழு மேடையின் கீழே மறைக்கப்பட்டது; பார்வையாளர் பகுதி இருளில் ஆழ்ந்தது. இன்று திரைப்பட அரங்கில் நாம் இருளில் ஒரே திசை நோக்கி அமர்வதில் இவ்வமைப்பின் சாயல் உண்டு.

பைராய்ட் அரங்கு சமத்துவத்தின் வெற்றி எனப் பலர் போற்றுவர். நாமும் பாதி உடன்படுகிறோம். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற அடுக்கு அங்கே சரிந்தது. கலை உரிய மதிப்பைப் பெற்றது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? அயலாரின் முகமும் இருளில் மறைந்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் தோளோடு தோள் உரச அமர்ந்தும், ஒவ்வொருவரும் தனியராயினர். ஒருவர் மற்றவரை மறந்து, மேடையிலுள்ள ஒரே ஆற்றலுக்குத் தம்மை ஒப்படைப்பதைச் சமூகம் என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

பெர்லின் பில்ஹார்மோனி இசை மண்டபத்தைச் சிறப்பாக எண்ணத் தோன்றுவது இதனாலேயே. கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஷாரூன் இசைக்குழுவை மண்டபத்தின் நடுப்பகுதிக்குக் கொணர்ந்தார். மலைச்சரிவின் திராட்சைத் தோட்டப் பாத்திகளைப்போல் இருக்கைகளைச் சிறு தொகுதிகளாக்கி, வெவ்வேறு உயரங்களில் இசைக்குழுவைச் சுற்றி அமைத்தார். கட்டடம் எழுந்துகொண்டிருந்தபோதே, 1961இல், அண்மையிலேயே பெர்லின் சுவரும் எழுந்தது. நகரை இரண்டாகப் பிளந்த அச்சுவரின் அருகே, மனிதர் எதிரெதிரே முகம் நோக்கி அமரும் மண்டபம் 1963இல் திறக்கப்பட்டது. சுவர் 1989இல் வீழ்ந்தது. மண்டபத்தில் இன்றும் இசை ஒலிக்கிறது.

குறை இல்லையா? உண்டு. பாடகர் ஒரு திசை நோக்கியே பாடுவதால், பின்னால் அமர்ந்திருப்போருக்குக் குரல் மங்கலாகவே எட்டும். இடத்திற்கேற்பக் கட்டணமும் மாறுகிறது. ஆயினும் பின்னால் இருப்பவருக்கு இசை நடத்துநரின் முகம் தெரிகிறது. எதிர்த் தொகுதியில் கண்மூடிக் கேட்கும் முன்பின் அறியாத மனிதரும் தெரிகிறார். அவரும் தம்மைப்போல் ஒருவரே என அவர் உணர்வதற்கு அங்கே வாய்ப்பு இருக்கிறது.

சமத்துவமின்றி முகங்கள் மட்டும் தெரிந்தால் அது பகட்டு. முகங்களின்றிச் சமத்துவம் மட்டும் நிலவினால் அது தனிமை. இரண்டையும் இணைக்க முயலும் அரங்கையே நாம் சிறந்தது என்போம். ஒரு கூட்டத்திற்கு நாற்காலிகளை வரிசைப்படுத்தும் பொறுப்பு நமக்கு என்றேனும் வாய்க்கலாம். முதல் நாற்காலியைப் போடுமுன் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்ப்போமா: இங்கே அமரப்போகிறவர் யாருடைய முகத்தைக் காண்பார்?