பலகையும் பந்தியும்

சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நாவுக்கு விருந்தாகும் உணவுவிடுதிகள் இன்னின்னவை என்று பட்டியல் தீட்டுவோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. ஏடுகளில் எழுதுகிறார்கள், கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். கொரியா நாட்டுக் குழம்பு ஒரு கடையில், இத்தாலி நாட்டு அப்பம் மற்றொரு கடையில், செட்டிநாட்டுக் கோழி வேறொரு கடையில்! விளக்கின் ஒளி எப்படி, நாற்காலியின் மெத்தை எப்படி, விலை கட்டுமா கட்டாதா - ஒன்று விடாமல் எழுதுகிறார்கள். எழுதட்டும்! சுவைத்து உண்பது குற்றமன்று. பட்டினி கிடப்பதைப் புண்ணியம் என்று போதித்தவர்களோடு வாதாடியவர்கள் நாம். நல்ல சோற்றை நாமா பழிப்போம்? ஆயினும், அப்பட்டியல்களைப் படித்து முடித்ததும் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. என்ன உண்டீர்கள் என்று சொன்னீர்கள். எங்கே உண்டீர்கள் என்றும் சொன்னீர்கள். யாருடன் அமர்ந்து உண்டீர்கள் என்பதை மட்டும் ஏன் ஐயா சொல்லவில்லை?

பட்டியல்காரர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத ஓர் இடத்திலிருந்து நம் ஆய்வைத் தொடங்குவோம். பூவிருந்தவல்லியை அடுத்திருக்கிறது கரையான்சாவடி. ஆவடிச் சாலை ஒருபுறம், பரங்கிமலைச் சாலை மறுபுறம், நடுவே பெங்களூர் நோக்கி நீளும் பழைய நெடுஞ்சாலை. இன்று அதன் தலைக்குமேல் மெட்ரோ இருப்புப் பாதையும் தூண்களேறி நிற்கிறது. சாவடி என்றாலே வழிநடையர் தங்கி இளைப்பாறும் இடம். வழிநடையர் இன்றும் தங்குகின்றனர் - தங்குவது கால்மணி நேரம், நின்றபடியே! திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் தொழிலாளி, வழக்குமன்றத்துக்கு வந்த கட்சிக்காரர், பேருந்து நடத்துநர், பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர் - அனைவரும் ஒரே தோசைக்கல்லைச் சுற்றி நிற்கின்றனர். தட்டின்மேல் வாழையிலை நறுக்கொன்று, அதன்மேல் இரண்டு தோசை, ஓரத்தில் சட்டினி. இத்தகைய கடைக்கு மக்கள் சூட்டியுள்ள பெயர் ‘கையேந்தி பவன்’. பெரிய ஓட்டல்கள் ‘பவன்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டதைப் பார்த்து, ஏழை சிரித்துக்கொண்டே வைத்த பெயர் அது! சாதி இல்லை, சாமி இல்லை, ஏந்திய கை ஒன்றுதான் அந்தப் பெயரில் இருக்கிறது.

இதே பூவிருந்தவல்லியைப் பற்றிப் பழங்கதை ஒன்றுண்டு. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது என்பர். காஞ்சிப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர், பார்ப்பனர் அல்லர். அவரைத் தம் ஆசானாகக் கருதிய இராமானுசர், அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று விரும்பி, விருந்துக்கு அழைத்தாராம். அழைத்து வரப் புறப்பட்டவர் ஒரு வழி போக, நம்பியோ மற்றொரு வழி வந்து, உண்டுவிட்டுக் கோயில் தொண்டுக்கு விரைந்துவிட்டார். இராமானுசர் இல்லம் திரும்பிப் பார்க்கிறார். மிச்சம் இல்லை! நம்பி அமர்ந்த இடம் சாணமிட்டு மெழுகப்பட்டிருக்கிறது. மனைவியார் நீராடிவிட்டு, கணவருக்கென வேறு உலை வைத்துக்கொண்டிருக்கிறார்! குருபரம்பரைக் கதை கூறுவோர் இவ்விடத்தில் அந்த அம்மையாரை அடங்காப்பிடாரியாகக் காட்டி, இராமானுசரின் துறவுக்கு இதையும் ஒரு காரணமாக்கி மகிழ்கின்றனர். நாம் அந்த அம்மையாருக்காக ஒரு சொல் பேச வேண்டியிருக்கிறது. மெழுகும் முறையை அவரா கண்டுபிடித்தார்? பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும், பிள்ளைப் பருவம் முதல், இது தீட்டு, அது மடி என்று அவருக்குக் கற்பித்தவர் யார்? கற்பித்தவனுக்குத் தண்டனை இல்லை. கற்றபடி நடந்தவள் மட்டும் கைவிடப்பட்டாள்! கதை நடந்ததோ இல்லையோ, அதை உருவாக்கியவர்களின் உள்ளம் அதில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இக்கதையை இங்கே நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னர் அமர்ந்து உண்டவர் யார் என்று அறிந்திருந்ததால்தானே மெழுக நேர்ந்தது? கரையான்சாவடியின் சிற்றுண்டிக் கடையில் மரப்பலகையொன்றில் நீங்கள் அமரும்போது, அதில் சற்றுமுன் அமர்ந்திருந்தவர் யார்? தெரியாது. நீங்கள் குடிக்கும் குவளையில் காலையிலிருந்து எத்தனை பேர் குடித்தனர்? தெரியாது. உங்களுக்குப் பின்னே அதில் குடிக்கப் போகிறவர்? அதுவும் தெரியாது! அந்தத் தெரியாமையில்தான் ஓட்டலின் பெருமை இருக்கிறது. ஆயிரம் மேடைகளில் நாம் பேசியும் அசையாத வைதிகத்தை, கழுவிக் கவிழ்த்த ஒரு கண்ணாடிக் குவளை அசைத்திருக்கிறது. காசு கொடுத்தவனுக்கு இலை, வந்தவனுக்கு இடம்.

எளிதில் வந்துவிடவில்லை இது. சேரன்மாதேவிக் குருகுலத்தில், நாட்டு விடுதலைக்காகத் திரட்டிய பணத்தில் நடந்த பள்ளியில், பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி வைத்ததால் 1924-25ஆம் ஆண்டுகளில் எழுந்த புயலைத் தோழர்கள் அறிவர். இருப்புப்பாதை நிலையங்களின் சிற்றுண்டிச்சாலைகளில் ‘பிராமணாள்’ என்றும் ‘இதராள்’ என்றும் பிரித்து வைத்த இடங்கள் 1941இல்தான் ஒழிந்தன. புகைவண்டி ஒன்றே, பெட்டி ஒன்றே, புகை ஒன்றே. இட்லிக்கு மட்டும் இரண்டு வாசல்! 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, பொது உணவுவிடுதிகளில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கலாகாது என்று எழுதிற்று. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. அதே 1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கரையான்சாவடிக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள ஆவடியில், காங்கிரசு மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே எமது குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டாண்டு கழித்து, 1957இல், திருவல்லிக்கேணி முரளி கபேயில் ‘பிராமணாள்’ பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது! தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தும், அணியணியாகச் சிறை சென்றும்தான் 1958இல் அது இறங்கிற்று. தீர்மானத்தால் இறங்கவில்லை, மறியலால் இறங்கியது.

இனி, நகரத்துக்குள் செல்வோம். பட்டியல்காரர்கள் புகழும் சுவைகளில் எவை நிலைத்தவை, எங்கிருந்து வந்தவை என்று ஆராய்ந்தால் வியப்பாக இருக்கிறது. திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948இல் தொடங்கியது. இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுப் பெயர் பெற்றது. தொடங்கியவர் தஞ்சாவூர்க்காரரா? இல்லை, வடநாட்டு மதுராவிலிருந்து வந்தவர்! அண்ணாசாலையில் புகாரி ஓட்டல் 1951இல் திறந்தது. நகரமே அங்கே பிரியாணி உண்ணக் கற்றது. சௌகார்ப்பேட்டையில் இராசத்தான் இனிப்புக்குப் பக்கத்திலேயே நம் முறுக்கை இரண்டாக வைத்து நடுவே காய்கறி அடுக்கித் தருகிறார்கள். தூய்மை, மரபு, கலப்பின்மை என்று பேசுவோரெல்லாம் இந்தச் சாம்பாரையும் முறுக்கையும் சற்றுச் சுவைத்துவிட்டுப் பேசலாம்.

ஆனால், இவை எல்லாவற்றையும்விட நம் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது, பாரிமுனைப் பக்கம், கடற்கரை நிலையத்தை அடுத்த தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கும் அத்தோ. பர்மாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர், 1962இல் அங்கே படையாட்சி வந்து, 1964இல் கடைகண்ணிகள் அரசுடைமையானபின், உடைமையை இழந்து கப்பலேறி இக்கரை சேர்ந்தனர். கையில் பொருளில்லை, கைப்பக்குவம் இருந்தது. நீண்ட சேமியா போன்ற மாவிழைகளைக் குவித்து, நறுக்கிய முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் தூவி, நம் கண்ணெதிரே கையாலேயே பிசைந்து தருகிறார்கள். பக்கத்தில் வாழைத்தண்டுச் சாறு கிண்ணத்தில் ஆவி பறக்கிறது. முட்டையைக் கீறி வெங்காயம் அடைத்துத் தருவதும் உண்டு. கையாலேயே பிசைந்து! தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யார் சமைத்தது, யார் கை பட்டது என்று கேட்பதுதானே சாதியின் முதற்பாடம்? அகதியாக வந்தவரின் வெறுங்கை பிசைந்ததை, எழுத்தரும் மாணவரும் சுமைதூக்குவோரும் வரிசையில் நின்று, இன்னும் கொஞ்சம் காரம் என்று கேட்டு வாங்குகின்றனர். பட்டியல்காரர் இதற்குச் ‘சாலையோர விந்தை’ என்று பெயரிட்டு இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். நாம் முதல் மதிப்பெண் இதற்கே தருவோம்.

மதிப்பெண் குறைக்க வேண்டிய இடத்துக்கு இப்போது வருகிறோம். ‘பிராமணாள்’ பலகை இறங்கியது. இறங்கிய பிறகு அந்த ஆணி சும்மா இருந்ததா? 2012இல் திருவரங்கத்தில் ஒரு கடையில் அதே சொல் மீண்டும் ஏறிற்று. எதிர்ப்பெழுந்து, மீண்டும் இறங்கிற்று. அதுவாவது கண்ணுக்குத் தெரிந்த பகை. நம்மவர் கடைகளின் பலகைகளை என்னென்பது? நாடார் மெஸ், முதலியார் மெஸ், கோனார் மெஸ், கவுண்டர் விருந்து என்று வீதிக்கு வீதி பட்டம் ஒளிர்கிறதே! உரிமையாளரின் பெயர்தானே, ஊரறிந்த அடையாளந்தானே என்பர். பெயராயின் முழுப்பெயரையும் போடலாமே. பட்டத்தை மட்டும் பத்தடி நீளத்தில் எழுதுவானேன்? மரபுச் சுவை என்று மற்றொரு சமாதானம். சரி, ஒடுக்கப்பட்ட மக்களின் சாதிப் பெயரைத் தாங்கி, ‘பாரம்பரியச் சுவை’ என்று விளம்பரம் செய்யும் பலகை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்! எழும்பு, குடல், குருதிப் பொரியல் என எதையும் வீணாக்காமல் சமைக்கும் கைத்திறன் அவர்களிடம் இல்லையா? இருக்கிறது. பலகையில் ஏறும் துணிவைச் சமுதாயம் அவர்களுக்குத் தரவில்லை. ஆகவே ஏறுகின்ற பட்டங்களெல்லாம் சுவையின் பெயர்கள் அல்ல, படிக்கட்டின் பெயர்கள். தெருப் பெயர்களில் ஒட்டியுள்ள சாதியை நீக்கத் தமிழ்நாட்டரசு 2025இல் ஆணை பிறப்பித்தது. தெருவுக்கு ஆணை உண்டு. அத்தெருவிலுள்ள மெஸ்ஸுக்கு இல்லை!

வழி இல்லாமலில்லை. திண்டுக்கல்லில் 1957இல் - முரளி கபே மறியல் நடந்த அதே ஆண்டில் - நாகசாமி என்பவர் ஒரு பிரியாணிக் கடை திறந்தார். நாயுடு என்ற பட்டம் அவர் பெயரோடும் ஒட்டியிருந்தது. ஆனால் மக்கள் பார்த்தது அவர் தலையில் கட்டியிருந்த துணியை! ‘தலப்பாக்கட்டி’ என்றே கடைக்குப் பெயராயிற்று. இன்று கடல் கடந்தும் அப்பெயரே ஓடுகிறது. பட்டத்தை விடத் தலைப்பாகை நன்றாகவே விற்றிருக்கிறது.

பலகையில் மற்றொரு சொல்லும் நம் கண்ணை உறுத்துகிறது: ‘உயர்தர சைவ உணவகம்’. உயர்வு சைவத்தோடு ஒட்டிக்கொண்டது எப்படி? கறி தின்னும் கடைக்கு ‘உயர்தர’ என்று எழுதப் பலகையில் இடமில்லையா? தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உண்பது இறைச்சியும் மீனும். அத்தனை பேர் உண்பதற்கும் ‘அசைவம்’ என்று பெயர் - இன்னது என்று சொல்லாமல், இன்னது அல்லாதது என்று சொல்லும் பெயர்! காய்கறி உண்பவரை நாம் குறை கூறவில்லை. அவருடைய கத்தரிக்காய் தூயது என்று பலகை எழுதும்போது, பக்கத்து இலையிலுள்ள மீன் என்னவாகிறது என்றுதான் கேட்கிறோம்.

வெறும் சொல்தானே என்று ஒதுக்குவோர், சென்னை ஐ.ஐ.டி.யில் 2018 டிசம்பரில் நடந்ததை நினைவு கூரட்டும். மாணவர் உணவுக்கூடம் ஒன்றில், சைவத்தாருக்கு ஒரு வாசல், அசைவத்தாருக்கு வேறு வாசல், கை கழுவும் தொட்டியும் தனித்தனி என்று தாள்கள் ஒட்டப்பட்டன. எதிர்ப்பு எழவே அகற்றப்பட்டன. கணிதமும் இயந்திரவியலும் கற்கும் கூடத்தில், 1941இல் இருப்புப்பாதை நிலையத்திலிருந்து விரட்டப்பட்ட இரட்டை வாசல் எழுபத்தேழு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறது!

கரையான்சாவடியிலிருந்து மேற்கே போகும் அதே நெடுஞ்சாலையில், வேலூரைக் கடந்து சென்றால் ஆம்பூர். பிரியாணிக்குப் பேர்போன ஊர். பட்டியல்காரர்கள் தவறாமல் வண்டியை நிறுத்தும் ஊர். 2022 மே திங்களில் அங்கே அரசு சார்பில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவிக்கப்பட்டது. ஆடு, கோழி, மீன் என்று இருபதுக்கு மேற்பட்ட வகைகள் வரும் என்றார்கள். மாடு வராது என்றார்கள். ஆம்பூரில் மாட்டிறைச்சிப் பிரியாணி உண்போர் சிறுபான்மை முஸ்லிம்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் மட்டுமல்லர். ஆயினும் யாருடைய இலை பந்தியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது ஊருக்குத் தெரிந்தே இருந்தது. விழாப் பந்தலுக்கு வெளியே நாங்களே இலவசமாக வழங்குவோம் என்று அமைப்புகள் எழுந்தன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழை வரும் என்று காரணம் காட்டி, விழா தள்ளிவைக்கப்பட்டது.