கீழேயிருந்து கேட்ட சத்தம்

ராணுவ விமான வரலாற்றுப் புத்தகங்களுக்கு ஒரு ருசி உண்டு. பிடித்துவிட்டால் விடாது. எந்த ஸ்குவாட்ரன், எந்த ஓடுதளம், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், இறக்கைக்கு அடியில் என்ன தொங்கியது, திரும்பி இறங்கியபோது எரிபொருள் எவ்வளவு மிச்சம். இந்த விவரங்களுக்காகவே நான் இவற்றைப் படிக்கிறேன். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய வீட்டில் உட்கார்ந்து பதான்கோட் ஓடுதளத்தைப் பற்றிப் படிப்பவனைப் பார்த்தால் வீட்டில் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிக்கட்டும்.

இந்திய விமானப் படையைப் பற்றிய நூல்களில் நான் முதலில் கையில் கொடுப்பது பி.வி.எஸ். ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் 1965 வான்போரைப் பற்றி எழுதி 2005இல் வந்த புத்தகம். தேசபக்திக் கஷாயம் என்று நினைத்து எடுப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். செப்டம்பர் 1ஆம் தேதி மாலை சம்ப் பகுதியில் நம்முடைய 4 வேம்பயர் விமானங்கள் வீழ்ந்ததையும், 6ஆம் தேதி பதான்கோட்டில் தரையில் நின்ற விமானங்களே எரிந்ததையும் மழுப்பாமல் எழுதுகிறார்கள். சோப்ரா ஒரு விமானப் படை விமானியின் மகன், தத்துவப் பேராசிரியர். ஜகன் மோகன் பல ஆண்டுகளாகத் தகவல் சேர்ப்பவர். பாசமும் கறாரும் ஒன்றுக்கொன்று காவல் இருப்பதால் அந்தப் புத்தகம் நிற்கிறது.

ஆனால் இந்த வகை நூல்களுக்கு ஒரு இடத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. குண்டு விமானத்தை விட்டு விலகும் இடம். அதற்குப் பிறகு கேமரா விமானத்தோடு திரும்பிவிடும். கீழே என்ன ஆனது என்பது 'இலக்கு தாக்கப்பட்டது' என்ற ஒரு வரி. இதே இருவர் 1971ஐப் பற்றி எழுதிய புத்தகம் 2013இல் வந்தது. அந்தப் போரில் டிசம்பர் 14 அன்று டாக்காவில் கவர்னர் மாளிகை மீது மிக்-21கள் தாக்கியபோது கீழே நடந்தது நமக்கு நன்றாகவே தெரியும்: கவர்னர் மாலிக் பதுங்கு அறையில் உட்கார்ந்து ராஜினாமா எழுதினார். கீழே இருந்தவர் கவர்னர், அதனால் தெரிகிறது. 1966 மார்ச்சில் ஐசால் நகரத்தின் மீது இதே விமானப் படை தாக்குதல் நடத்தியபோது கீழே இருந்தவர்கள் சாதாரண மிசோ மக்கள். அதைப் பற்றி டெல்லி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. மிசோக்கள் மார்ச் 5ஐ வருஷா வருஷம் நினைவு நாளாக வைத்துக்கொண்டார்கள்.

நமக்கு நெருக்கமான கதைக்கு வருகிறேன். 1987 ஜூன் 3 அன்று ராமேஸ்வரம் பக்கமிருந்து நிவாரணப் பொருளோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து 5 ஏ.என்.-32 சரக்கு விமானங்கள், மிராஜ் 2000 பாதுகாப்போடு, யாழ்ப்பாணத்தின் மீது சுமார் 25 டன் உணவும் மருந்தும் போட்டன. ஆபரேஷன் பூமாலை. விமானப் பிரியர்கள் கொண்டாடும் சம்பவம் இது. ஒரு துப்பாக்கிச் சூடுகூட இல்லை, எல்லா விமானமும் பத்திரமாகத் திரும்பின. நாலே மாதம் கழித்து, அக்டோபர் 11 இரவு, அதே படையின் மி-8 ஹெலிகாப்டர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை இறக்கின. அங்கே சிக்கிக்கொண்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள்.

வழக்கமாக இவை இரண்டும் இரண்டு தனி அத்தியாயங்கள். ஒன்று 'மனிதாபிமான நடவடிக்கை', இன்னொன்று 'ஹெலிகாப்டர் தரையிறக்கம்'. ஏர் மார்ஷல் பாரத் குமார் இந்திய அமைதிப் படைக் காலத்தின் வான்பலத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அதன் பொருள் நம் படை அங்கே என்ன செய்தது என்பது; அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் வடமராட்சித் தாக்குதல் நடந்துகொண்டிருந்த நாட்களில் விமானச் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் இறங்கியவர்களுக்கு ஜூனும் அக்டோபரும் எப்படி இரண்டு அத்தியாயங்களாக இருக்க முடியும்? ஒரே வானம். வருவது அரிசியா குண்டா என்று சத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சத்தம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் தெருவுக்குப் பெயின்ட் அடிக்க வந்த ஒரு அண்ணன், 2006இல் படகேறி வந்தவர், என் மேஜையில் கிடந்த போர் விமானங்களின் படப் புத்தகத்தைப் புரட்டினார். கிபிர் பக்கத்தையும் தாண்டிப் போய்விட்டார். "அண்ணா, இது கிபிர்" என்றேன். திரும்பி வந்து பார்த்தார்.

"படத்தைக் காட்டினா எனக்குத் தெரியாது தம்பி. நாங்கள் எங்க நிமிந்து பாத்தது? சத்தம் கேட்டாச் சொல்லுவன். சகடை எண்டா கன நேரம் சுத்தும், ஓடலாம். கிபிர் எண்டா சத்தம் வரேக்குள்ள போட்டுட்டான்."

பிறகு வண்டைப் பற்றிச் சொன்னார். ஆளில்லா வேவு விமானத்துக்கு அங்கே அதுதான் பெயர். வண்டு இரைந்தால் பின்னால் வேறொன்று வரும். சகடை, வண்டு, பொம்மர், ஹெலி: இது ஒரு முழு வகைப்பாடு. விமானத்தைத் தயாரித்த நாட்டை வைத்தோ மாடல் எண்ணை வைத்தோ அல்ல, ஓடுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை வைத்துப் பிரித்தது. இதுவும் விமான வரலாறுதான். எந்த அட்டவணையிலும் இதற்குப் பத்தி இல்லை.

இதைச் சொல்லிவிட்டு நம் பக்கத்தை விட்டுவிடக் கூடாது. தமிழில் கீழேயிருந்து எழுதப்பட்டவை நிறைய. 'முறிந்த பனை' இருக்கிறது, தமிழ்நதியின் 'பார்த்தீனியம்' இருக்கிறது, எண்ணற்ற நினைவுக் குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் நம் ஆட்கள் பலருக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு, விமானம் வந்ததும் 'இரும்புப் பறவை' என்று ஒரு உருவகத்தை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. போதும் சாமி. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது பறவை அல்ல. அது ஒரு ஓடுதளத்திலிருந்து கிளம்பியது, யாரோ உத்தரவிட்டார்கள், யாரோ ஓட்டினார்கள், அதற்கு ஒரு லாக் புக் இருந்திருக்கும். உருவகம் அந்த யாரோவைத் தப்பிக்க விட்டுவிடுகிறது. விமானப் புத்தகக்காரர்களின் வறட்டுத் துல்லியம் நமக்குத் தேவைப்படுவது இங்கேதான். தேதி, நேரம், விமான வகை, கிளம்பிய தளம் என்று சேகரிக்கும் அந்தக் கிறுக்குத்தனம் இல்லாமல் சாட்சியம் வெறும் புலம்பலாக ஒதுக்கப்பட்டுவிடும்.

இரண்டையும் ஒரே கையில் பிடித்த முயற்சி என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவது ரகு கர்நாட் 2015இல் வெளியிட்ட 'ஃபார்தஸ்ட் ஃபீல்ட்'. இரண்டாம் உலகப் போரில் தன் குடும்பம் இழந்த மூன்று இளைஞர்களின் கதை. அதில் மானெக் விமானி. வீட்டுக் கூடமும் காக்பிட்டும் ஒரே புத்தகத்தில் வருகின்றன. அங்கேயும் குண்டு விழுந்த ஊரின் குரல் குறைவுதான், ஆனால் வழி தெரிகிறது.

நான் படிக்க ஆசைப்படும் புத்தகத்தில் 1987 ஜூன் 4உம் அக்டோபர் 11உம் ஒரே அத்தியாயமாக இருக்கும். இடது பக்கம் விமானியின் குறிப்பு, வலது பக்கம் பங்கருக்குள் இருந்தவரின் ஞாபகம். பெங்களூரில் கிளம்பிய நேரமும், சத்தம் முதலில் கேட்ட நேரமும். அந்த விமானிகள் ஓய்வு பெற்றுப் பேட்டி கொடுக்கிறார்கள், யூடியூபில் கிடைக்கிறார்கள். வலது பக்கத்துக்கு உரியவர்களில் சிலர் கீழ்ப்புத்துப்பட்டில் இருக்கிறார்கள். அங்கே இதுவரை யாரும் ரெக்கார்டரோடு வந்து எந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டதில்லை என்றார் அந்த அண்ணன். சொல்லிவிட்டு, இரண்டாவது கோட் நாளைக்குத்தான், சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று பிரஷ்ஷைக் கழுவப் போனார்.