வெறும் வானத்தின் படம்

காவலூரில் அந்தி நீளாது. சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிடும். எம்.எஸ்சி. ஆய்வுக்காக ஒரு மார்ச் மாதத்தில், ஜவ்வாது மலையில் உள்ள அந்த வான்காணகத்தில் ஒரு வாரம் தங்கினேன். முதல் நாள் மாலை, இரவுப்பணி உதவியாளரான அண்ணன் வாட்சைப் பார்த்தபடியே சொன்னார்: "தம்பி, மொதல்ல பிளாட் எடுத்துடலாம். விட்டா வானம் கெடைக்காது."

டோமின் கதவு விலகியது. 1.3 மீட்டர் தொலைநோக்கி, ஒரு விண்மீன்கூடத் தெரியாத வெளிர்நீல வானத்தை நோக்கி நின்றது. நாங்கள் படம் எடுத்தது அந்த வெறும் வானத்தைத்தான். அதற்குத்தான் பிளாட் என்று பெயர்.

வானியல் நோக்கலை ஒரு கலையாக நான் ரசிக்கத் தொடங்கியது அந்தப் படத்தில்தான். சீராக ஒளிரும் வானத்தைக் கேமரா சீராகப் பதிவு செய்வதில்லை. ஓரங்கள் மங்கியிருந்தன. நடுவிலும் மூலையிலும் உளுந்து வடைபோல ஓட்டையுள்ள சாம்பல் வளையங்கள். கேமராவின் ஃபில்டர் மேல் ஒட்டியிருக்கும் தூசியின் நிழல்கள் அவை. தொலைநோக்கியின் துணைக்கண்ணாடி ஒளியின் நடுப்பகுதியை மறைப்பதால்தான் நிழலின் நடுவிலும் ஓட்டை விழுகிறது. தூசி கண்ணுக்குத் தெரியாத அளவு, அதன் வளையமோ பல விண்மீன்களை மங்கலாக்கும் அளவு. பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் இந்த வெறும் வானத்தால் வகுத்தால், வளையங்கள் மறைந்துவிடும். கருவியின் குறையைத் துடைத்து நீக்க முடியாதபோது, அதை அளந்து வைத்துக்கொள்கிறார்கள்.

வானம் மங்க மங்க ஒளி குறையும், ஒளிப்பதிவு நேரம் கூடும். கேமராவுக்கு நீலம் கொஞ்சம் மந்தம் என்பதால், வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே நீல ஃபில்டரை முடித்துவிட வேண்டும், அதற்கடுத்துப் பச்சை. அண்ணன் மூன்று விநாடி, ஐந்து, ஒன்பது என்று சொல்லிக்கொண்டே போனார். திரையில் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமல் வந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தே சொன்னார்.

எங்கள் இலக்கு கடகத்தில் உள்ள எம்67 விண்மீன் கூட்டம். ஏறக்குறைய 2,800 ஒளியாண்டு தூரம், சுமார் 400 கோடி ஆண்டு வயது. காவலூரின் அட்சரேகைக்கு அது இரவு பத்து மணி வாக்கில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். உச்சிக்கு வந்த விண்மீனின் ஒளி கடந்து வரும் காற்று மிகக் குறைவு. 30 பாகை உயரத்துக்கு இறங்கினால் அதே ஒளி இரண்டு மடங்கு காற்றைத் துளைத்து வர வேண்டும். அதனால்தான் எந்த நேரத்தில் எதை எடுப்பது என்பதைப் பகலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொண்டோம்.

வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததில் இந்த அட்சரேகைக்கும் பங்குண்டு. பூமத்திய ரேகைக்கு அருகே இருந்தால் தென்வானமும் கிடைக்கும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு இங்கே பணி தொடங்கியது, 1972இல் ஒரு மீட்டர் கருவி வந்தது. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை. 1982இலேயே காலமாகிவிட்டார். அந்த ஒரு மீட்டர் கருவியைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த செய்தி 1977 மார்ச் 10ஆம் தேதி இரவில் நடந்தது. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போகிறது என்று இங்கிருந்த வானியலாளர்கள் காத்திருந்தார்கள். மறைப்புக்கு முன்பே விண்மீன் சில விநாடிகள் மங்கியது. அந்தச் சரிவு மேகமா, கருவியின் தடுமாற்றமா, வானில் உண்மையாகவே ஏதோ குறுக்கே போனதா என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய இரவு அது. சிறு சரிவை நம்பும் துணிவு, கருவியின் குறைகளை மனப்பாடமாக அறிந்தவருக்கே வரும்.

என் வாரத்தில் இரண்டு இரவுகள் மேகத்தோடு போயின. நான்காம் நாள் அந்தியில் மேற்கே மேகம் திரண்டதால் பிளாட் எடுக்க முடியவில்லை. எட்டு மணிக்கு வானம் துடைத்துவைத்ததுபோலத் தெளிந்தது. முந்தைய நாள் பிளாட்டே போதும் என்று நினைத்து, இரவு முழுக்க எம்67ஐப் பதிவு செய்தேன். பகலில் வகுத்துப் பார்த்தால், வளையம் இருந்த இடத்தில் ஒரு பக்கம் வெள்ளைப் பிறை, மறுபக்கம் கறுப்புப் பிறை. ஃபில்டர் சக்கரம் சில பிக்சல் தள்ளி நின்றிருக்கிறது. அந்தப் பிறைகளுக்குள் சிக்கிய விண்மீன்களை அட்டவணையிலிருந்து அடித்துவிட்டேன். கை கூசியது.

கடைசி இரவு நான் படுக்கவில்லை. விடிவதற்குச் சற்று முன், கிழக்கே வெளுக்கத் தொடங்கியதும் தொலைநோக்கியை மறுபடி வெறும் வானத்துக்குத் திருப்பினோம். காலையில் வரிசை தலைகீழ், முதலில் பச்சை, அப்புறம் நீலம். முதல் இரண்டு படங்களில் ஏழெட்டு விண்மீன்கள் இருந்தன. மூன்றாவதில் மூன்று. நான்காவதில், வலது மூலையில் மிக மங்கலாக ஒன்று. அண்ணன் இன்னும் ஒன்று எடுக்கச் சொன்னார். அதில் வடை வளையங்கள் மட்டுமே இருந்தன.