அகராதியில் சிரிப்பு

ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க ஆங்கில அகராதியைத் திறப்பேன். பக்கத்துச் சொல் கையைப் பிடித்து இழுக்கும். அரை மணி கழித்து, தேடி வந்த சொல் எது என்பதே மறந்து போயிருக்கும். இந்த வியாதி வாசகர்களிலும் சிலருக்கு இருக்கக்கூடும். 'நின்கம்பூப்' என்றால் முட்டாள். 'ஹல்லபலூ' என்றால் கூச்சல். 'ப்ளாபர்காஸ்ட்' என்றால் வாயடைத்துப் போகும்படி செய்வது. 'ஹிகிள்டி பிகிள்டி' என்றால் தாறுமாறாகக் கிடப்பது. பொருள் தெரிவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடுகிறது. இத்தனைக்கும் இவை பண்டிதர்கள் பூட்டி வைத்திருந்த சொற்கள் அல்ல. அன்றாடம் வீட்டிலும் தெருவிலும் புழங்குகிறவை.

ஆனால் இவற்றை நாம் ரஸிக்கிற விதத்தில் ஒரு பிசகு இருப்பதாக எனக்குப் படுகிறது. விநோதம் என்ற ஒரே காரணத்துக்காக, சோழி பொறுக்குகிற குழந்தையைப்போல் சேர்த்து வைக்கிறோம். 'ப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிபிகேஷன்' என்று 29 எழுத்தில் ஒரு சொல் உண்டு. ஒன்றைப் பயனற்றதென்று மதிப்பது என்பது பொருள். அந்தப் பொருளைச் சொல்ல வேண்டி அதை உபயோகித்தவர்களை நான் பார்த்ததில்லை. நீளத்தைக் காட்டத்தான் எடுக்கிறார்கள். அது பொருட்காட்சிக்கு வந்த மலைப்பாம்பு. டிக்கட் வாங்கிப் பார்க்கலாம், வீட்டில் வளர்க்க முடியாது.

மேலும் விநோதம் என்பதில் பாதி கேட்கிறவன் காதில் இருக்கிறது. யூலும் பர்னெல்லும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியைப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் பொறுக்கிய சொற்கள் அதில் நிரம்பிக் கிடக்கின்றன. நம் கட்டுமரமும் சுருட்டும் அங்கே தொப்பி போட்டுக்கொண்டு நிற்கின்றன. 'மல்லிகட்டானி' என்று ஒரு ஸூப். ஆங்கிலக் காதுக்கு வேடிக்கையான சொல்தான். அது நம் மிளகுதண்ணி. நம் வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை, குடித்துவிட்டு இருமியிருக்கிறார்கள்.

அப்படியானால் வீட்டில் வளர்கிற வேடிக்கைச் சொல் எது? இதற்கு லூயி கரோல்தான் நல்ல சாட்சி. 1871-ன் கடைசியில் வெளிவந்த 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' புத்தகத்தில் 'ஜாபர்வாக்கி' என்று ஒரு பாட்டு வருகிறது. அதன் தொடக்கத்தில் உள்ள சொற்களில் பெரும்பாலானவை அவர் பட்டறையிலேயே அடித்தவை. ஹம்ப்டி டம்ப்டி என்ற முட்டை ஆசாமி ஆலிஸுக்கு அவற்றை வெகு கம்பீரமாக விளக்குகிறார். சில சொற்கள் 'போர்ட்மான்டோ'வாம். அதாவது இரண்டு பக்கமாகத் திறக்கிற பிரயாணப் பெட்டி. ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தங்களை மடித்து வைத்திருக்கிறதாம். சரி, அத்தனை சொற்களில் ஜனங்கள் எடுத்து ஆண்டவை எத்தனை? நன்றாக வேரூன்றியவை என்று 'சார்ட்டில்', 'கலம்ப்' இரண்டைச் சொல்லலாம். மற்றவற்றில் அநேகம் பாட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

ஏன் என்று யோசித்திருக்கிறேன். 'சக்கிள்' என்பது உள்ளுக்குள் குலுங்கிச் சிரிப்பது. 'ஸ்நார்ட்' என்பது மூக்கால் சீறுவது. அடக்கப் பார்த்த சிரிப்பு குதூகலம் தாங்காமல் மூக்கு வழியாகத் தப்பித்து வருகிறதே, அதற்குக் கச்சிதமான சொல் அந்தப் பாஷையில் இல்லை. கரோல் விளையாடிக்கொண்டேதான் செய்தார். ஆனால் கை வைத்த இடம் காலி இடம். 'கலம்ப்'பும் அப்படியே. அசுரப் பிராணியின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு பையன் துள்ளித் துள்ளி வீடு திரும்புகிறான். கனமும் குதூகலமும் சேர்ந்த அந்த நடையைச் சொல்லின் ஓசையே நடந்து காட்டிவிடுகிறது.

இனி பி. ஜி. வுட்ஹவுஸ். 'டிஸ்கிரன்ட்டில்ட்' என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவன். 'டிஸ்' எதிர்மறை என்றால், அதைக் கழித்து மிஞ்சும் 'கிரன்ட்டில்ட்' பரம திருப்தியாக இருப்பவன் ஆக வேண்டுமல்லவா? 'அசடு' என்பதில் 'அ'வை எடுத்துவிட்டுப் புத்திசாலியைச் 'சடு' என்று கூப்பிடுகிற மாதிரி! உண்மையில் அந்த 'டிஸ்' அழுத்தத்துக்காக வந்தது. 'கிரன்ட்டில்' என்றாலே முன்பு முணுமுணுப்பதுதான். 1938-ல் வந்த 'தி கோட் ஆப் தி வூஸ்டர்ஸ்' நாவலில் வுட்ஹவுஸ் இந்த இலக்கண உண்மையைக் காற்றில் பறக்கவிட்டார். ஜீவ்ஸுக்கு உலகப் பிரயாணம் போக ஆசை. எஜமானன் பெர்ட்டிக்கு இஷ்டமில்லை. ஜீவ்ஸின் முகம் எப்படி இருந்தது என்று சொல்லும்போது இந்தச் சொல்லைப் பெர்ட்டி போகிற போக்கில் போட்டுவிட்டுப் போகிறான், கண்ணடிக்காமல். சுற்றியுள்ளவை எல்லாம் சாதாரணச் சொற்கள். இவரைப் பார்த்து எழுதக் கிளம்புகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். வரிக்கு மூன்று கிச்சுகிச்சு மூட்டுகிறார்கள். நானும் ஒரு கதையில் அப்படிச் செய்திருக்கிறேன். தயவுசெய்து அதைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டாம்.

வேடிக்கைச் சொல் சவுக்கையும் எடுக்கும். டெக்ஸஸ்காரர் மோரி மாவரிக் யுத்தத்தின்போது வாஷிங்டனில் ஓர் அரசாங்க ஸ்தாபனத்துக்குத் தலைவராக இருந்தார். (கன்றுகாலிகளுக்குச் சூடுபோடாமல் விட்ட அவர் தாத்தா ஸாமுவேலின் பெயரிலிருந்துதான், மந்தையில் சேராதவனுக்கு 'மாவரிக்' என்ற சொல் வந்தது. குடும்பக் கைராசி.) எதைப் பற்றியது என்றே விளங்காத நீளமான கடிதங்களைப் படித்துப் படித்து மனிதருக்கு வெறுத்துவிட்டது. 1944-ல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். எழுத்து சுருக்கமாக இருக்க வேண்டும், ஆடம்பரச் சொல் கூடாது என்று கண்டித்துவிட்டு, தாம் வெறுத்த அந்த நடைக்கு 'காபிள்டிகூக்' என்று பெயர் சூட்டினார். ஊரில் மார்பை நிமிர்த்திக்கொண்டு கொக்கரித்துத் திரியும் வான்கோழி நினைவில் இருந்திருக்கலாம் என்று பிறகு காரணமும் சொன்னார். 'தெளிவற்ற நடை' என்று அவர் கௌரவமாகக் கண்டித்திருந்தால், அந்தச் சுற்றறிக்கையும் கோப்பில் போய்ப் படுத்திருக்கும்.

எனக்கும் மாதத்துக்கு ஒரு கடிதமாவது அந்த நடையில் வருகிறது. மூன்று தடவை படித்த பிறகும், என்னைப் பணம் கட்டச் சொல்கிறார்களா, எனக்குப் பணம் தரப் போகிறார்களா என்று விளங்குவதில்லை. அப்போதெல்லாம் அதை எழுதியவரை, தாடி அசைய முற்றத்தில் நடக்கும் வான்கோழியாக நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.