அடியை வரவழைப்பவர்கள்

மயிலாப்பூரில் எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) என்று பேச்செடுத்தால் போதும், "அந்த ரத்தக்களறியையா பார்க்கறே?" என்று முகம் சுளிக்கிறார்கள். "பாக்ஸிங்னா சரி, இது தெருச்சண்டை" என்பார் இன்னொருவர். இவர்களில் ஒருவர்கூட ஒரு சண்டையை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் 1996-ல் இதைச் சேவல் சண்டைக்கு ஒப்பிட்டார். அப்போது விதிகள் குறைவு, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விதிகள் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் அதையே சொல்வது சோம்பல்.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. 'சார்பட்டா பரம்பரை' படத்தில் பாக்ஸர் டான்சிங் ரோஸின் காலாட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த ஊர் இது. 1980-ல் முகமது அலி நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கியதை இன்றும் பெருமையாகச் சொல்லும் ஊர். இந்த ஊருக்கு அடிதடியின் நுட்பம் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

விதிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரவுண்டுக்கு 5 நிமிடம். சாதாரணப் போட்டிக்கு 3 ரவுண்டு, பட்டத்துக்கு 5. குத்து, உதை, முழங்கை, முழங்கால், கீழே தள்ளுவது, கழுத்தை இறுக்குவது எல்லாம் உண்டு. கண்ணில் விரல் விடுவதும் விழுந்தவர் தலையில் உதைப்பதும் கூடாது. மீதி பார்க்கப் பார்க்கப் புரியும்.

கையுறையை மட்டும் கவனியுங்கள். தொழில்முறை பாக்ஸிங்கில் 8 அல்லது 10 அவுன்ஸ், இங்கே ஏறக்குறைய 4. இவ்வளவு சின்னக் கையுறையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒளிய முடியாது, இடுக்கில் குத்து புகுந்துவிடும். முன்காலில் எடையைப் போட்டு நின்றால் கெண்டைக்காலில் உதை விழும். கைகளை உயர்த்தியே வைத்திருந்தால் எதிராளி இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவார். பாக்ஸிங்கில் உலகப் பட்டங்கள் வென்ற ஜேம்ஸ் டோனி 2010-ல் எம்.எம்.ஏ. வீரர் ராண்டி கூட்யூருக்கு எதிரே கூண்டுக்குள் இறங்கினார். வந்த வேகத்தில் தரையில் கிடந்தார், முதல் ரவுண்டிலேயே சண்டை முடிந்தது. ஆகவே "கையை இறக்கிட்டு நிக்கறானே, அடிக்கத் தெரியாதவன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இங்கே முதல் பாதுகாப்பு இடைவெளிதான், அதை அளப்பது கால். சிலம்பத்தில் கோல் சுழற்றுமுன் காலடி பழக்குவது எதற்கென்று தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எதிரடி கொடுப்பவர்களில் இரண்டு சாதி உண்டு: காத்திருந்து அடிப்பவர், வரவழைத்து அடிப்பவர். வர்ணனையாளர்கள் இருவரையும் ஒரே மூட்டையில் கட்டி 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கர்' என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். இதைவிட மேம்போக்கான பார்வை கிடையாது.

காத்திருப்பவருக்குக் கூர்மையான கண் வேண்டும். எதிராளி தன்னிஷ்டத்துக்கு அடிக்க வருவார், இவர் விலகிப் பதில் கொடுப்பார். திறமைதான். ஆனால் எதிராளி வராவிட்டால் இவருக்கு வேலையில்லை. வரவழைப்பவர் அப்படியில்லை. இடக்கையை நாலு அங்குலம் தாழ்த்துவார். அரையடி பின்னால் போவார். ஒரே பாவ்லாவை இரண்டு முறை காட்டி ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவார். மூன்றாம் முறை எதிராளி "கிடைத்தது இடம்" என்று பாயும்போது, எந்த அடி வரும் என்று இவருக்கு முன்பே தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தவரே இவர்தான்.

உதாரணத்துக்கு, 2023 ஏப்ரல், மியாமி. இஸ்ரேல் அடசான்யாவை அலெக்ஸ் பெரேரா கிக் பாக்ஸிங்கில் இரண்டு முறை, எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி.யில் ஒரு முறை என்று ஏற்கெனவே மூன்று தடவை வென்றிருந்தார். இரண்டாம் ரவுண்டில் அடசான்யா கம்பிவலையில் முதுகைச் சாய்த்து, முகத்தை மூடிக்கொண்டு நின்றார். கதை முடிந்தது என்றே தோன்றும். பெரேராவும் அப்படித்தான் நினைத்துக் கை வீசித் திறந்துகொண்டு வந்தார். அடசான்யாவின் வலக்கை இரண்டு முறை இறங்கியது, பெரேரா சரிந்தார். அந்தக் கடைசி அரை நிமிடத்தைத் தனியாகப் போட்டு, அடசான்யாவின் கால்களை மட்டும் பாருங்கள். அடிவாங்கித் தடுமாறும் கால்களா அவை?

ஜோசே ஆல்டோவை 2015-ல் கானர் மெக்ரிகர் 13 விநாடியில் வீழ்த்தியதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். பத்து வருடம் தோற்காத ஆல்டோ, பொறுமையாகத் தொடங்குகிறவர், அன்று எடுத்த எடுப்பில் பாய்ந்தார். மாதக்கணக்கில் மேடைக்கு மேடை சீண்டியதன் பலன் அது. வரவழைப்பு கூண்டுக்கு வெளியிலேயே தொடங்கிவிட்டது.

கையைத் தொங்கவிட்டு முகத்தை நீட்டுவதெல்லாம் வரவழைப்பு ஆகாது. ஆண்டர்சன் சில்வா 2009-ல் ஃபாரஸ்ட் கிரிஃபினுக்கு எதிராகக் கையை இறக்கியபோது பின்னால் போகும் கால் ஒழுங்காக இருந்தது, போகிறபோக்கில் ஒரே குத்தில் சாய்த்தார். 2013-ல் கிறிஸ் வைட்மனிடம் அதே விளையாட்டைக் கால் ஒழுங்கில்லாமல் ஆடினார், இடக்கை ஹூக்கில் விழுந்தார். முதலாவது கலை, இரண்டாவது வெறும் ஜம்பம். ரீல்ஸில் இரண்டுக்கும் ஒரே பின்னணி இசை போடுகிறார்கள்.

திரையில் ஓடும் அடிக் கணக்கையும் பொருட்படுத்தாதீர்கள். கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தில் வேகத்துக்குக் கைதட்டுகிறவரும் உண்டு, கோர்வை வந்து சேரும் இடத்துக்காகத் தொடையில் தாளம் போட்டுக் காத்திருப்பவரும் உண்டு. இங்கே வேண்டியது இரண்டாமவர். அடையாறு, தி.நகர் ஜிம்களில் பாட்டுக்கு ஏற்றபடி பஞ்சிங் பேகைக் குத்தும் வகுப்புகள் இப்போது நாகரிகம். வியர்க்கும், உடம்புக்கு நல்லது. அடி வரவழைக்கும் வித்தையில் ஓர் எழுத்துகூட அங்கே கிடைக்காது. பேகுக்கு ஆசை வருமா, ஏமாறுமா?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். பெரிய சண்டைகள் நமக்கு ஞாயிறு காலையில் வருகின்றன, வீடு அமைதியாக இருக்கும் நேரம். முதல் ரவுண்டு முழுக்கத் தோற்கப்போகிறவர் என்று தோன்றுகிறவரின் பாதங்களை மட்டும் பாருங்கள். எந்தப் பாவ்லாவுக்கு அவர் நடுங்குகிறார், எதற்கு நடுங்குவதை நிறுத்திவிட்டார் என்று கவனியுங்கள். நிறுத்திய இடத்தில்தான் உண்மை அடி விழும்.

தொடங்குவதற்கு பூஜா தோமரின் 2024 ஜூன் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண், சீனத் தற்காப்புக் கலையான வூஷுவிலிருந்து வந்தவர். ராயானி டோஸ் சான்டோஸுக்கு எதிரான அந்தப் போட்டிக்கு ஒரு நடுவர் பூஜாவுக்கு 30-27 என்று எழுதினார், இன்னொருவர் அதையே தலைகீழாக எழுதினார், மூன்றாமவர் 29-28 என்று பூஜாவுக்குக் கொடுத்தார். நான் மூன்றாமவர் கட்சி. மூன்றாம் ரவுண்டில் எதிராளியைச் சாய்த்த அந்தத் தள்ளு உதையைப் பார்த்துவிட்டு, நீங்கள் எந்தக் கட்சி என்று சொல்லுங்கள்.